வேலிக்கு வெளியே

பென்டில் ஹில், சிட்னி
24 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி சிறிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. மூன்று கிழமையாக உனக்கு ரெலிபோன் எடுக்கிறேன். மணி அடிக்காமலே துண்டிபடுகிறது. என் இலக்கத்தை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது பார்கவி சொல்லித்தான் தெரியும். உங்கள் தபால்பெட்டி விலாசத்தைத் தந்ததும் அவள்தான். அதற்காக உன் மனைவியோடு கோபிக்காதே.

கிரான்பர்னில் பார்கவியின் தங்கையின் புதுவீட்டுக் குடிபூரலில் நீ சொன்னதை மறக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் கையில் தட்டோடு எழுந்து நின்று, "என்ர பிஸ்தாத் தோட்டத்தை அழிச்சது ஆரெண்டு தெரியுமோ? இந்தா இருக்கிறா, என்ர சொந்த அக்கா" என்றாய். பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். பிறகு உன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள். எனக்கு ஐம்பத்தாறு வயது. சிட்னி விமானத்துக்கு நேரமாகும்வரை அந்த வீட்டுக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்கப்போவதில்லை என்றாலும் என் பக்கத்தையும் எழுதிவைக்கிறேன். காற்றையும் வெப்பத்தையும் கணினியில் கணக்கிடுவது என் வேலை. உன் தோட்டத்துக்கு மேற்கே அந்தச் செம்மண் வெளியில் மின்சாரம் எடுக்கும் எண்பத்துநான்கு காற்றாடிகளும் ஒன்பது லட்சம் சோலார் தகடுகளும் வரப்போகின்றன என்றபோது, அவற்றால் அந்த இடத்தின் வெப்பமும் மழையும் மாறுமா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதியது என் நிறுவனம். அதில் காலநிலைப் பகுதி என்னுடையது. வேலிக்கு வெளியே குறிப்பிடத்தக்க விளைவு இல்லை என்பது அதன் முடிவு.

கறுப்புத் தகடுகள் வெயிலைக் குடிக்கும். அவற்றுக்கு நடுவே பொழுதுபட்ட பிறகு நடந்தால் மூன்று நான்கு பாகை கூடுதலாகச் சுடும். ஆனால் அந்தச் சூடு மேலே எழும்பிவிடும். வேலியைத் தாண்டிச் சில பத்து மீற்றருக்குள் தேய்ந்துவிடும். சகாரா முழுவதையும் தகடுகளாலும் காற்றாடிகளாலும் நிரப்பினால் மழையே மாறும் என்று கணிப்புகள் சொல்கின்றன. உன் பக்கத்தில் இருப்பது சகாரா இல்லை. குளிர்காலங்கள் எல்லா இடத்திலும்தான் சூடாகி வருகின்றன. பிஸ்தா ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஓயும் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். பூ வீணாய்ப் போனதற்கு இத்தனை காரணம் இருக்க, நீ என்னைத் தெரிவுசெய்தாய்.

எனக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை. ஒரு வரி எழுது, போதும்.

அக்கா
மிருணாளினி


பல்ரனால்ட் தபாலகம்
15 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

பார்கவி கடுதாசியையும் பேனையையும் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். முதியோர் இல்லத்தில் இன்று ஆள் போதாது என்று இரண்டு பேருடைய நேரமும் அவள் தலையில். வந்ததும் எழுதினேனா என்று பார்ப்பாள். ஆகவே எழுதுகிறேன்.

இலக்கத்தைத் திறக்கமாட்டேன். ரெலிபோனில் நீங்கள் கதைக்கத் தொடங்கினால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். வகுப்பில் எழும்பி நிற்கிற மாதிரி இருக்கும். கடிதமென்றால் யோசித்து எழுதலாம்.

நீங்கள் காய்க்கும் வருடம், ஓயும் வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் ஓய்ந்தது. இது காய்க்க வேண்டிய வருடம். குலை குலையாகத்தான் தொங்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் என் பயம்.

பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எட்டுப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்று நட்டிருக்கிறேன். தேனீ வராது. ஆண் பூவின் தூளைக் காற்றுத்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே கிழமையில் பூத்தால்தான் கோதுக்குள் பருப்பு வைக்கும். அதற்குக் குளிர்காலத்தில் ஏழு டிகிரிக்குக் கீழே எழுநூற்றைம்பது, எண்ணூறு மணித்தியாலமாவது மரம் உறங்கவேண்டும். இந்த ஒக்டோபரில் பெண் மரங்களின் பூ கருகி ஒன்பது நாளுக்குப் பிறகு ஆண் மரங்கள் பூத்தன. மஞ்சள் தூள் மூன்று நாளாகத் தோட்டம் முழுக்கப் பறந்தது. என் சட்டையிலும் லொறிக் கண்ணாடியிலும் படிந்தது. வேறு எதற்கும் உதவவில்லை.

பத்துக் குளிர்காலம் இந்த மண்ணில் பார்த்தேன். ஜூலையில் விடியப் போனால் வாளித் தண்ணீர் கண்ணாடி பிடித்திருக்கும். காற்றாடி சுற்றத் தொடங்கிய பிறகு வந்த இரண்டு குளிர்காலத்திலும் மேற்குப் பக்கத்து வாளி ஒரு நாளும் உறையவில்லை. தெற்கே பக்கத்து நிலத்துக்காரர் டெரியின் புல்வெளி மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. உலகம் முழுக்கச் சூடென்றால் டெரியின் புல்லுக்கு மட்டும் ஏன் பனி?

நான் காற்றாடிக்கு எதிரி இல்லை. என் கொட்டில் கூரையிலும் தகடு இருக்கிறது. 2021இல் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். இரவுக் குளிர் குறையுமோ என்று டெரி எழும்பிக் கேட்டார். கம்பனிக்காரர் பதில் சொல்ல முதல் நான் எழும்பினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "அந்தப் பகுதியை எழுதினது என்ர அக்கா. அவ பொய் எழுதமாட்டா" என்றேன். டெரி என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது டெரி வேலியில் நின்று மழையைப் பற்றிக் கதைப்பார், கிரிக்கெட் கதைப்பார். இதைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. கேட்டால் நல்லது.

குடிபூரல் வீடு அதைச் சொல்கிற இடம் இல்லை. அது என் பிழை. ஆனால் ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். நீங்கள் எழுதினதை நீங்கள் நம்பினீர்களா?

சிறி


பென்டில் ஹில்
12 ஜனவரி 2025

அன்புள்ள சிறி,

உன் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் இரண்டு பேர் விலகிப்போனதில் அவர்கள் வேலையும் என்னிடம் வந்துவிட்டது. அதனால்தான் பதில் தாமதம்.

வாளியையும் டெரியின் புல்லையும் வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. எண்கள் வேண்டும். இந்தப் பொதியில் நான்கு வெப்பமானிகள் அனுப்பியிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தாமாகவே பதிந்துகொள்ளும். அடுக்கடுக்கான வெள்ளைத் தட்டுகளுக்குள் வைத்து, தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் கட்டவேண்டும். இரண்டை மேற்கு வரிசைகளில் வை. ஒன்றைக் கிழக்கு ஓரத்தில். நான்காவதை டெரியிடம் கேட்டு, காற்றாடிகளிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள அவருடைய நிலத்தில் வை. வீட்டுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, லொறி நிறுத்துமிடம் எதற்கும் பக்கத்தில் வேண்டாம். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து வை.

காற்றாடி வர முதல் உன் நிலத்தில் ஒருவரும் அளக்கவில்லை. அதுதான் பெரிய குறை. முன்னர் எப்படி இருந்தது என்று தெரியாமல் இப்போது மாறிவிட்டது என்று சொல்ல வழியில்லை. இருந்தாலும் வை.

நம்பினேனா என்று கேட்டிருந்தாய். ஒரு கணிப்பு நம்பிக்கை சார்ந்தது இல்லை. தரவு என்ன சொல்கிறதோ அதுதான்.

பார்கவிக்கு முதுகுவலி குறைந்துவிட்டதா?

அக்கா


பல்ரனால்ட்
16 மார்ச் 2025

அக்காவுக்கு,

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கருவி அனுப்பியிருக்கிறீர்கள்.

அறுவடை முடிந்தது. இயந்திரம் மரத்தின் இடுப்பைப் பிடித்து ஆறு செக்கன் உலுக்கும். கீழே விரித்த தட்டில் கல்மழை மாதிரிக் கொட்டும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். வருடத்தில் ஒரு தடவைதான் கேட்கலாம். இந்த முறை சத்தத்திலேயே தெரிந்தது. பாரமில்லாத சத்தம்.

பார்கவி தொட்டியில் நூறு காயைப் போட்டாள். நல்லது தாழும், பருப்பில்லாத சப்பி மிதக்கும். ஐம்பத்தெட்டு மிதந்தது. அவள் நம்பாமல் அவற்றை அள்ளிவிட்டு வேறு நூறு போட்டாள். அறுபத்திரண்டு. மூன்றாம் தடவை போடக் கையை வைத்தவள் அப்படியே நின்றாள். "இனி எண்ண வேண்டாம், என்ன" என்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். கோது வடிவாக இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

கருவிகளை நீங்கள் சொன்னபடி கட்டியாயிற்று. நான்காவதைக் கொண்டு டெரியிடம் போனேன். அவருடைய தென்கோடி காற்றாடிகளிலிருந்து பதினான்கு கிலோமீற்றர். எதற்கு என்று கேட்டார். "அக்கா அனுப்பினவ, அளக்கச் சொல்லி" என்றேன். கொஞ்ச நேரம் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைக் காற்றாடி கட்ட முதலே வைத்திருக்கலாமே" என்றார்.

பார்கவிக்கு முதுகு குறையவில்லை.

சிறி


பென்டில் ஹில்
27 ஏப்ரல் 2025

சிறி,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் தொடங்கி நிறுத்தினேன். இன்று ஞாயிறு. எழுதி முடித்ததும் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன், திருத்தமாட்டேன்.

நம்பினேனா என்று கேட்டாய். முழுக்க நம்பவில்லை.

காற்றாடி சூட்டை உண்டாக்குவதில்லை. தெளிந்த, அமைதியான குளிர்கால இரவில் நிலம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று தரையோடு படுத்திருக்கும், அதற்கு மேலே சூடான காற்று மிதக்கும். கீழே அசைவில்லாவிட்டாலும் நூறு மீற்றர் உயரத்தில் காற்று ஓடும். காற்றாடியின் கைகள் அந்த மேல் காற்றைக் கலக்கிக் கீழே இறக்கும். உன் மரத்துக்குத் தேவையான குளிர் அப்போது கலைந்துபோகும். இது நான் அறியாதது இல்லை. வேறு நாடுகளில் அளந்திருக்கிறார்கள்.

என் முதல் வரைவில் நாலைந்து வரியில் ஒரு பந்தி இருந்தது. இப்படியான இரவுகளில், காற்றாடியைக் கடந்து காற்று போகும் கீழ்க்காற்றுப் பக்கம் மூன்று கிலோமீற்றர்வரை தரையருகே வெப்பம் கூடலாம். வேலை தொடங்க ஒரு வருடம் முன்னதாகவே வேலிக்கு வெளியே வெப்பம் அளக்க இரண்டு அளவுக் கம்பங்கள் நடவேண்டும் என்று எழுதியிருந்தேன்.

என் மேலாளர் சடகோபனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், திருச்சிக்காரர். கெட்ட மனிதர் இல்லை. வரைவைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "மிருணா, இது கூடலாம்கிற சந்தேகம்தானே, முடிவு இல்லையே? இதைப் பின்னிணைப்புல போட்டுடலாம். முன்னாடி இருந்தா எதிர்க்கிறவங்க இதை மட்டும் புடிச்சுக்குவாங்க. திட்டம் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். அந்த ஒரு வருஷமும் நிலக்கரிதான் எரியும், பாத்துக்கங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் சரி என்றேன்.

பின்னிணைப்பில் அது ஒரு வரியாகச் சுருங்கியது. கடைசிப் பிரதியில் அந்த வரியும் இல்லை. எனக்குக் கையெழுத்துக்கு வந்தபோது பார்த்தேன். இல்லை என்று கண்டேன். கையெழுத்து வைத்தேன்.

இதற்கு மேல் எழுதக் கூசுகிறது. வரைபடத்தில் உன் தோட்டம் ஒரு சிறிய பச்சைச் சதுரம். முதல் காற்றாடியிலிருந்து ஆயிரத்து நானூறு மீற்றர், சரியாகக் கீழ்க்காற்றுப் பக்கம். எனக்கு அங்கே ஒரு தம்பி இருக்கிறான் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. பிறகு அந்தப் பந்திக்காக நான் வாதாடினால், விசயம் வெளியே வரும்போது, தம்பிக்காக எழுதினாள் என்பார்கள் என்று பயந்தேன். உனக்காக எழுதினேன் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, உனக்குத் தேவையானதை எழுதாமல் விட்டேன்.

மண்டபத்தில் நீ எழும்பி நின்றது எனக்குத் தெரியாது. உன் டிசம்பர்க் கடிதத்தில்தான் அறிந்தேன். அன்றிலிருந்து சரியான நித்திரை இல்லை.

மிருணாளினி


பல்ரனால்ட்
27 ஜூலை 2025

வெப்பமானிகளின் பதிவு அட்டைகள் நான்கும் உள்ளே.

ஜூலை 5ஆம் திகதி புயலில் மின்கம்பிக் கோபுரம் ஒன்று விழுந்துவிட்டது. 16ஆம் திகதிவரை காற்றாடி ஒன்றும் சுற்றவில்லை. உங்களுக்கு அது முக்கியமாக இருக்கும் என்று பார்கவி எழுதச் சொன்னாள்.

அந்த நாட்களில் மேற்குப் பக்கத்து வாளி உறைந்தது.

வேறு எழுத ஒன்றுமில்லை.

சிறி


பென்டில் ஹில்
31 ஓகஸ்ட் 2025

சிறி,

மூன்று மாதம் உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அட்டைகளாவது வந்தன. நன்றி.

புயல் நமக்கு ஒரு பரிசோதனை நடத்தித் தந்திருக்கிறது. முன்னர் அளக்காத குறையை அது ஓரளவு தீர்த்தது: அதே நிலம், அதே குளிர்காலம், காற்றாடி சுற்றும் இரவும் சுற்றாத இரவும். காற்றாடிகள் சுற்றிய அமைதியான தெளிந்த இரவுகள் முப்பத்தெட்டு. அவற்றில் உன் மேற்கு வரிசைகள் டெரியின் நிலத்தைவிடச் சராசரி ஒன்று தசம் மூன்று பாகை சூடு. கிழக்கு ஓரத்தில் அதில் பாதி. காற்றாடிகள் நின்ற பதினொரு இரவுகளில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். 17ஆம் திகதி திரும்பவும் வந்துவிட்டது.

ஏழு தரம் கணக்கிட்டேன். பிழை கண்டுபிடிக்கத்தான் கணக்கிட்டேன். கிடைக்கவில்லை.

உண்மையை முழுதாகச் சொல்கிறேன். நகரத்து வானிலை நிலையத்தின் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டால், உன் தோட்டம் பத்து வருடத்துக்கு முன்னிருந்ததைவிட ஏறக்குறைய நூற்றெழுபது குளிர் மணித்தியாலத்தை இழந்திருக்கிறது. அதில் நூறு உலகம் முழுக்கச் சூடாவதால் போனது. காற்றாடிகள் எதைத் தடுக்க வந்தனவோ, அதனால் போனது. மிச்சம் எழுபது காற்றாடிகளால். நூறு போனபோது உன் மரங்கள் தாங்கின. எழுபதும் சேர்ந்தபோது தாங்கவில்லை. இதில் எது குற்றவாளி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கக்கூடியவள் யார் என்று மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சடகோபனிடம் கொண்டுபோனேன். எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பதினோரு ராத்திரி டேட்டா. உங்க தம்பி தோட்டம், உங்க தம்பி கட்டின கருவி. யாரு நம்புவாங்க மிருணா?"

"நம்பவேண்டாம். தாங்களே அளந்து பார்க்கட்டும்."

"அந்தப் பாரா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். "அது எப்படிக் காணாமப் போச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்லை. நிஜமா" என்றார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. நான் கையெழுத்து வைச்சனான்."

"எழுதுங்க. நான் தடுக்கலை. ஆனா ஆபீஸ் பேர்ல வேண்டாம். அப்புறம்... உங்க கான்ட்ராக்ட் டிசம்பர்ல புதுப்பிக்கணும். அது என் கையில மட்டும் இல்லை."

வீட்டுக்கு வந்து, மாநிலத் திட்டமிடல் திணைக்களத்துக்கு என் பெயரில் எழுதினேன். விடுபட்ட பந்தி, உன் அளவுகள், நீ என் தம்பி என்பது, அதை நான் மறைத்தது எல்லாம். கம்பனிக்கும் ஒரு பிரதி. டெரிக்கும் ஒன்று தபாலில் வரும். அதை நீ கொடுக்கவேண்டாம் என்றுதான் நேரே அனுப்பினேன்.

மிருணாளினி


பல்ரனால்ட்
19 ஒக்டோபர் 2025

அக்காவுக்கு,

ஏப்ரலில் நீங்கள் எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டுக் கொட்டிலில் வைத்தேன். திரும்ப எடுக்கவில்லை. கோபத்தில் எழுதினால் பிறகு அழிக்க முடியாததை எழுதிவிடுவேன் என்று பயந்தேன். அதனால்தான் சும்மா இருந்தேன்.

திணைக்களத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கம்பனியிலிருந்து இரண்டு பேர். வாளியைக்கூடப் படம் எடுத்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். முடிவைக் கடிதத்தில் அறிவிப்போம் என்று போய்விட்டார்கள்.

பூ வந்தது. இந்த முறையும் பெண் முந்தி, ஆண் பிந்தி. ஆனால் நான் இந்த முறை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் விக்டோரியாவில் ஒரு தோட்டத்தில் ஆண் மரங்கள் நேரத்தோடு பூத்தன. போய்க் கொத்துக் கொத்தாக வெட்டி வந்து, குசினியில் சமையல் மேசையிலும் படுக்கையறையிலும் கடுதாசி விரித்து உலர்த்தினோம். இரண்டு நாளில் தூள் கொட்டியது. சல்லடையில் அரித்து, தூளைக் கெடுக்காத மாவோடு கலந்து, இலை ஊதுகிற இயந்திரத்தில் போட்டு மரத்துக்கு மரம் ஊதினோம். நான் ஊத, பார்கவி வாளியோடு பின்னால் வந்தாள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் காற்று எழும்பும்வரை. ஐந்து நாள்.

இரண்டாம் நாள் அவளால் நிமிர முடியவில்லை. "குந்தியிருந்து கொள்ளன்" என்றேன். "இருந்தால் எழும்ப ஏலாது. நீங்க ஊதுங்கோ" என்றாள். அன்று மத்தியானம் டெரி தன் நான்கு சில்லு வண்டியில் வந்தார். ஒன்றும் கேட்காமல் வாளியை அவள் கையிலிருந்து வாங்கினார். மிச்ச மூன்று நாளும் அவர்தான் சுமந்தார். கடைசி நாள் போகும்போது, "உன் அக்காவின் கடிதம் வந்தது. நீளமான கடிதம்" என்றார். பிறகு, "அப்படி எழுதுவது லேசில்லை" என்றார். அவ்வளவுதான்.

காற்றாடியால் போன அந்த எழுபது மணித்தியாலத்தில் ஒரு பங்கையாவது இது ஈடுசெய்யுமோ தெரியாது. சில குலைகளில் பிஞ்சு தடித்திருக்கிறது. மேற்கு வரிசைகளில் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லிப் பார்கவி சொல்கிறாள். எழுதினால் இப்போதைக்கு அது பொய். ஆனால் கோபம் முந்தி இருந்த இடத்தில் இப்போது களைப்புத்தான் இருக்கிறது. அது நல்லதோ கெட்டதோ உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் வேலை என்னாகும்?

சிறி


பென்டில் ஹில்
21 டிசம்பர் 2025

அன்புள்ள சிறி,

திணைக்களத்தின் பதில் வந்துவிட்டது. கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்து ஆராயப்போவதில்லை. உன் அளவுகள் கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளனவாம். குளிர்கால இரவுகளில் உன் பக்கத்து ஒன்பது காற்றாடிகளையாவது நிறுத்தலாமா என்று நான் கேட்டதற்கு, கம்பனி பரிசீலிப்பதாக எழுதியிருக்கிறது. பரிசீலிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், இருபது வருடமாக இப்படிக் கடிதங்களை எழுதிக்கொடுத்தவள் நான். எதிர்பார்க்காதே.

ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. தோட்டங்களுக்குப் பக்கத்தில் இனிவரும் திட்டங்களில், வேலை தொடங்க ஒரு வருடம் முன்னதாக வேலிக்கு வெளியே அளவுக் கம்பம் நடவேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க யோசிக்கிறார்கள். யோசிக்கிறார்கள் என்றுதான் இருக்கிறது. இன்னும் சேர்க்கவில்லை.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சடகோபன் தன் கைக்காசில் ஒரு கேக் வாங்கி வந்து வெட்டினார். நான் மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது பகலில் பென்டில் ஹில் கடைத்தெருவில் நடக்கிறேன். மரக்கறிக் கடைக்காரர், "என்ன அன்ரி, லீவோ?" என்று கேட்கிறார். ஓம் என்கிறேன்.

மன்னிப்பை நீ எழுதவேண்டாம். பொய் எழுத நம் வீட்டுக்கு ஒருத்தி போதும்.

அக்கா


பல்ரனால்ட்
8 பெப்ரவரி 2026

அக்கா,

மேற்குப் பக்கத்துப் பதினாறு வரிசையையும் பிடுங்கிவிட்டேன். கிண்டும் இயந்திரக்காரர் இரண்டு நாளில் முடித்தார். பதின்மூன்று வயது மரம் ஒன்றை வேரோடு எடுக்க நான்கு நிமிடம் போதும். முதல் வரிசை மட்டும் நின்று பார்த்தேன். பிறகு கிழக்குப் பக்கம் போய்க் குழாய் திருத்தினேன். மிச்சத்தை வைத்திருக்கப்போகிறோம். ஒவ்வொரு வருடமும் தூள் ஊதவேண்டும். அறுவடை மார்ச் தொடக்கத்தில். பார்கவி நேற்று நூறு காயை மிதக்கவிட்டாள். முப்பத்தொன்றுதான் மிதந்தது.

இனி எழுதுவதுதான் முக்கியம். திட்டத்தின் இரண்டாம் கட்டம் வடக்கே வருகிறது. இன்னும் அறுபது காற்றாடி. அதற்குக் கீழ்க்காற்றுப் பக்கத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் பிஸ்தா நட்டிருக்கிறது. மூன்று வயதுக் கன்றுகள். அந்த மனிதர் இங்கே வந்து பிடுங்கிய மரங்களைப் பார்த்தார். "நாங்களும் பிடுங்கவேண்டி வருமா?" என்று என்னைக் கேட்டார். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 21 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் மண்டபத்தில் கூட்டம். காற்றாடி வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. முதலில் அளவெடுங்கள், பிறகு எங்கே நடுவது என்று பாருங்கள் என்று சொல்லவேண்டும். ஆனால் என் இங்கிலீசில் ஒன்று தசம் மூன்று டிகிரியை நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். போன தடவை ஒரு சொல்லும் விளங்காமல் எழும்பி நின்றேன். இந்தத் தடவை விளங்கின ஆள் எழும்பவேண்டும்.

உங்களுக்கு அது லேசில்லை என்று தெரியும். அறிக்கையை எழுதியவர் நீங்கள் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏசுவார்கள். ஏசட்டும். நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன்.

உங்கள் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதற்குப் பதிலை எழுதியே அனுப்புங்கள். ரெலிபோனில் மாட்டேன் என்று சொல்வது லேசு.

சிறி


பென்டில் ஹில்
15 பெப்ரவரி 2026

அன்புள்ள சிறி,

வருகிறேன். மார்ச் முதல் கிழமையே வந்துவிடுகிறேன். அறுவடைக்கு ஒரு கை கிடைக்கும். பார்கவி கொஞ்சம் படுக்கலாம்.

எழுதிவைத்து வாசிக்கப்போவதில்லை. எழுதினால் என் கை தானாகவே அறிக்கை மொழிக்குப் போய்விடுகிறது. அந்தப் பந்தியை நான் எப்படி விட்டேன் என்பதிலிருந்துதான் தொடங்குவேன். அதைக் கேட்ட பிறகு எண்களைக் கேட்க அவர்களுக்கு மனம் இருந்தால் சொல்வேன். இல்லையென்றால் அந்தப் பஞ்சாபி மனிதரின் வீட்டுக்குப் போய் அவருக்கு மட்டுமாவது சொல்வேன். இன்னும் இரண்டு கருவிகள் கொண்டுவருகிறேன். அவருடைய நிலத்தில் இந்தக் குளிர்காலத்துக்கு முன்னரே கட்டிவிடலாம்.

ஒரு விசயம் மட்டும். மண்டபத்தில் மைக் இருக்குமா என்று விசாரித்துச் சொல். என் குரல் இப்போது பெரிதாக எழும்புவதில்லை.

அக்கா